ஐந்தாவது தலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு தலைமுடிக்கு வந்துவிடுகிறது. "அந்தக் காலத்துல சீயக்காயத் தேச்சுக் குளிச்சோம், முடி இடுப்புக்குக் கீழ தொங்குச்சு, இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எலி வாலு மாதிரி இருக்கு" என்று ஆரம்பிக்கிறீர்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே இதையே பேசினீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். இப்போது கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்களில் எத்தனை பேருக்குக் கழுத்தில் தேமல் இருந்தது? எத்தனை பேர் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோடு வரப்பில் நடந்தீர்கள்? கட்டைவிரல் நகம் மஞ்சளாகிப் பொடிந்து விழுந்ததை மருதாணி வைத்து மறைத்தவர்கள் யார் யார்? தலையில் படர்தாமரை வந்து மொட்டையடிக்கப்பட்டவர்கள் யார்?

ஒருத்தரும் பேசமாட்டீர்கள், தெரியும். சரி, நானே சொல்கிறேன். எனக்கு வந்தது. பத்து வயதில், தலையில், சீழும் நாற்றமுமாக வந்தது. வெட்கப்படவேண்டியவள் நான் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். இப்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே. கத்தரியும் வெங்காயமும் போட்ட காடு. ஒரே வளவுக்குள் பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் இருந்தோம். பெரியப்பாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். எங்கள் பக்கம் நானும் என் தம்பியும். ஆக வீட்டில் ஐந்து பிள்ளைகள், அதில் பொட்டப்பிள்ளை நான் ஒருத்திதான். சமையல் ஒன்று, அதிகாரம் பெரியம்மாவுடையது. அப்பா, பெரியப்பாவுக்கு முன்னால் துண்டைத் தோளில் போடமாட்டார். அம்மா பெரியம்மாவுக்கு முன்னால் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கிற வருஷம். அதற்கு மேல் எங்கள் ஊரில் வகுப்பு கிடையாது. வாத்தியார் மூன்று முறை வீட்டுக்கு வந்து, திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் பேசினார். மூன்றாவது முறை பெரியப்பா, "சரி, ஒரு வருசம் போகட்டும், பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. பஸ்ஸில் போகப்போகிறேன், பச்சைப் பாவாடை கட்டப்போகிறேன், நினைக்க நினைக்க அம்புட்டு சந்தோஷம்.

மாசி மாதம் ஒருநாள் சடை பின்னும்போது அம்மாவின் கை நின்றது. உச்சிக்குப் பின்னால் காலணா அகலத்துக்கு முடி இல்லை. தோல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. ஒரு வாரத்தில் இன்னொரு வட்டம். பிறகு முதல் வட்டம் வீங்கி, அமுக்கினால் கொழகொழவென்று, ஒவ்வொரு மயிர்க்காலிலும் சீழ் கோத்தது. அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு. சொறிந்தால் கைக்கு முடி கொத்தாக வரும். ஈக்கள் என்னைச் சுற்றியே வட்டமிட்டன.

வைத்தியம் நடக்காமல் இல்லை. பூவரசங்காயைக் கீறி அதன் மஞ்சள் பாலைத் தடவினார்கள், காந்தியது. வேப்பெண்ணெய் தடவினார்கள், நாறியது. யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், நான் வளவைச் சுற்றி ஓடினேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்தின தை மாதம் அப்பா சந்தையில் வாங்கி வந்த மாட்டுக்கு ஒரு கன்றுக்குட்டி உண்டு. அதன் கண்ணைச் சுற்றியும் தாடையிலும் இதே மாதிரி சாம்பல் வட்டங்கள் இருந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தக் கன்றைப் பார்க்க செம்பட்டியிலிருந்து மாட்டு டாக்டரின் ஆள் சைக்கிளில் வந்தார். களிம்பு கொடுத்தார். என் தலையைப் பார்க்க யாரும் சைக்கிளில் வரவில்லை.

ஏனென்றால் என் தலைக்குப் பெரியம்மா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்கமாட்டேன் என்று ஆகி, அம்மா குலதெய்வத்துக்கு என் முடியை நேர்ந்துகொண்டாளாம். ஏழு வயதில் எடுத்திருக்கவேண்டும். கோயில் பங்காளிகளுக்குள் சண்டை வந்து பூசை நின்றுபோனதால் அது தள்ளிப்போய்விட்டது.

"கேட்ட முடியக் குடுக்கல. அதான் சாமியே வட்டம் வட்டமா எடுத்துக்கிருது" என்றாள் பெரியம்மா. "சாமி குத்தத்துக்கு மருந்து போட்டா கேக்குமா?"

வீடு முழுக்க அதை ஒத்துக்கொண்டது. வாத்தியார் மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தலையப் பாப்பாங்க. இந்தத் தலையோட போனா வாசல்லயே திருப்பிருவாங்க. ஜூன் மாசத்துக்குள்ள எப்படியாச்சும் சரி பண்ணிருங்க." அப்பா அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பெரியப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இந்த வருசம் சேக்கலையினா விட்ரு. பொட்டப்பிள்ளயக் காத்துக் கெடந்தா படிக்க வைப்பாக?" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. ஜூன் மாதத்துக்குள் தலை ஆறவேண்டும். ஆறாவிட்டால் நான் கத்தரிக்காய் பறிக்கவேண்டியதுதான்.

பங்குனியில் வண்டி கட்டிக் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. கருவேலங்காட்டுக்குள் ஒரு மேடை, நாலு கல், இரண்டு அரிவாள். எங்கள் ஊர் நாவிதரையும் வண்டியிலேயே கூட்டிப் போனோம். அவருக்கு அப்பா வயது இருக்கும். பெரியப்பா பிள்ளைகள்கூட அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன், யாருக்கு வருத்தமோ பட்டுக்கொள்ளுங்கள்.

போவது போகிறோம், ஆண் பிள்ளைகள் நாலு பேருக்கும் சேர்த்து முடி எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பலகை போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நாவிதர் கத்தியைத் தோல்வாரில் இழுத்துத் தீட்டினார். என் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார். பிறகு எழுந்து பெரியப்பாவிடம் போனார்.

"ஐயா, கோவிச்சுக்கிறக் கூடாது. இந்தப் பிள்ளயக் கடைசியா வச்சுக்கிருவோம்."

"ஏன்?"

"இது படர்தாமர. இந்தத் தலையில வச்ச கத்திய இன்னொரு தலையில வச்சா ஒட்டிக்கிரும். பயலுகளுக்கு முதல்ல எடுத்துப்புட்டு, கடைசியில இதுக்கு எடுக்கிறேன்."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது அல்லவா, சொல்கிறேன். நேர்ந்துகொண்ட தலைக்குத்தான் முதல் கத்தி. அந்த முடி சாமி காலடியில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, சாமி தலைக்கு முந்தி எவன் தலைலே? எனக்கு நீ மொறை சொல்லித் தாறியா?"

நாவிதர் கத்தியை மடக்கினார். "அப்ப ஒரு சட்டி வெந்நியாச்சும் குடுங்க. கொதிக்கக் கொதிக்க. ஒவ்வொரு தலைக்கும் நடுவுல கத்திய முக்கிக்கிறேன்."

அடுப்பில் பொங்கலுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா கரண்டியோடு திரும்பினாள். "நல்லாருக்கே! சாமிக்குப் பொங்க வச்ச உலையில மசுரு செரைக்கிற கத்திய முக்கணுமாக்கும்!"

அவ்வளவுதான். அவர் வந்து உட்கார்ந்து, என் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் சாய்த்துக்கொண்டார். சீழ்க்கட்டியின் மேல் கத்தி போனால் எப்படி இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அவருடைய முழங்காலைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். "கடிச்சுக்க ஆத்தா, கடிச்சுக்க. செத்த நேரந்தான்" என்றார். ஒரு கை என் நெற்றியை அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு இப்போதும் தெரிகிறது.

பிறகு மூத்தவன், நடுவிலவன், கடைக்குட்டி, என் தம்பி என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். கத்தியைப் பச்சைத் தண்ணீரில் அலசி அலசி எடுத்தார் பாவம். ஐந்து மொட்டைக்கும் சந்தனம் பூசினார்கள். என் தலையில் சந்தனம் பட்ட இடமெல்லாம் எரிந்தது. சாமி திருப்தியாகிவிட்டது என்று எல்லோரும் பொங்கல் சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம். சித்திரை பிறந்த நாலாம் நாள் மூத்தவன் சோற்றுக் கையோடு தலையைச் சொறிந்தான். பெரியம்மா அவன் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு சாம்பல் வட்டம். நடுவிலவனுக்கு மூன்று. கடைக்குட்டிக்குப் பிடரியில் ஒன்று. என் தம்பிக்குக் காதுக்கு மேலே ஒன்று.

பெரியம்மா போட்ட கூப்பாட்டில் தெருவே வந்துவிட்டது. "இவதான் கொண்டாந்து விட்டா! என் பிள்ளைக தலையப் பாருங்கடீ!" பெரியப்பா நாவிதரைக் கூப்பிட்டனுப்பி, அழுக்குக் கத்தியைக் கொண்டு வந்தான் என்று வாசலில் நிற்கவைத்து ஏசினார். எனக்குத் தாங்கவில்லை.

"அவரு அப்பவே சொன்னாரு! வெந்நி கேட்டாரு! நீங்கதான் குடுக்கல!"

அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அடித்திருக்கிறார். அடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா பார்த்தாரா என்று பார்த்தார். எனக்குப் பல வருஷம் அந்த அடியின் மேல் கோபம் இருந்தது. இப்போது அந்தப் பார்வையின் மேல்தான் கோபம் இருக்கிறது. அந்த வெள்ளாமை முடிகிற வரைக்கும் நாவிதரை நிறுத்திவிட்டு வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து வயது என்று இப்போது சாக்குச் சொல்லமாட்டேன். இருபது வயதிலும் ஊருக்குப் போனேன், அவர் இருந்தார், அப்போதும் கேட்கவில்லை.

என்னை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் ஒதுக்கினார்கள். தனிப் பாய், தனி அலுமினியத் தட்டு. தலையில் கட்டிக்கொள்ள அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார்கள். அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உயிர் போகும். மூன்றாம் நாள் அதை அவிழ்த்துக் கிணற்றுக்குள் எறிந்தேன். வெறுந்தலையோடு தெருவில் நடந்தேன். "ஏலே, சொறித்தேங்கா வருதுடா!" என்று பயல்கள் கத்தினார்கள். நான் அவர்கள் பக்கம் நடந்தேன், ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தேன், இன்னும் கொஞ்சம் ஓடினார்கள். தலையில் இருப்பது எனக்கு ஒரு பலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது அதை யோசித்துப் பார்க்கவில்லை, சும்மா சிரித்தேன்.

என் தலைக்கு இரண்டு மாதமாகப் போகாத திண்டுக்கல்லுக்கு, அவர்கள் தலைக்காக நாலாம் நாளே போனோம். பஸ்ஸில் புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவே ஐந்து மொட்டைகள். என்னையும் கூட்டிப் போனார்கள், யாரால் வந்தது என்று டாக்டரிடம் காட்ட. டாக்டர் சின்ன வயசுக்காரர். கண்ணாடி வைத்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். என் தலையிலிருந்து குறடால் இரண்டு முடியைப் பிடுங்கிக் கண்ணாடிச் சில்லில் வைத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மொதல்ல யாருக்கு வந்துச்சு?"

"இவளுக்குத்தாங்க" என்றாள் பெரியம்மா, காத்திருந்ததுபோல.

"வீட்ல கன்னுக்குட்டி இருக்கா? மூஞ்சியில வட்டமா, சாம்பல் பூத்தாப்ல?"

அப்பா விழித்தார். "இருந்துச்சுங்க. களிம்பு போட்டோம், சரியாப் போச்சு."

"கன்னுக்குப் போட்டீங்க. பிள்ளைக்கு?" என்றார் டாக்டர். "இது ஒரு காளான். ஊறுகாயில பூஞ்சணம் பூக்குதுல்ல, அந்த சாதி. கன்னுகிட்ட இருந்து இந்தப் பிள்ளைக்கு, இந்தப் பிள்ளைகிட்ட இருந்து கத்தி வழியா மத்த பிள்ளைகளுக்கு. புது மாத்திரை வந்திருக்கு, அஞ்சு பேருக்கும் எழுதுறேன். ஆறு வாரம் விடாமக் குடுக்கணும். ஆடையோட பால் குடுத்து, அதோட குடுக்கணும், அப்பத்தான் ஒடம்புல பிடிக்கும். துண்டு, பாய், தலகாணி எல்லாம் தனித்தனி. அஞ்சுல ஒரு தலை பாக்கி இருந்தாலும் மத்த நாலுக்கும் திரும்ப வந்துரும், பாத்துக்கங்க."

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆறு வாரம் என்றால் ஜூன் மாதத்துக்குச் சரியாக இருக்கும். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் காற்று என் புண்ணில் பட்டது, வலித்தது, இருந்தாலும் எனக்குப் பாட்டு வந்தது.

மறுநாள் காலை பெரியம்மா பழுப்புக் கண்ணாடிப் புட்டியைத் திறந்தாள். நாலு டம்ளரில் பால், மேலே ஆடை மிதந்தது. மூத்தவன், நடுவிலவன், கடைக்குட்டி, என் தம்பி. நான் ஐந்தாவதாகப் போய்க் கையை நீட்டினேன். புட்டியை மூடினாள்.

"ஒனக்கு இல்ல."

"டாக்டரு அஞ்சு பேருக்குன்னாரு."

"ஒன்னோடது சாமி காரியம். சாமி எடுத்த முடிக்கு மாத்திர தின்னா சாமி பொறுக்குமா? மறுபடி எதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அப்ப இவனுகளுக்கு?"

"இவனுகளுக்கு ஒன்கிட்ட இருந்து ஒட்டுனது. அது சீக்கு."

கேட்டீர்களா? ஒரே காளான், ஒரே கத்தி. எனக்கு வந்தால் சாமி குத்தம், அவன்களுக்கு வந்தால் சீக்கு! கத்திக்கு நான் முதல் தலை, மாத்திரைக்கு நான் தலையே இல்லை. டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை என்று நான் நம்பவில்லை. அவள் கெட்டவள் என்றும் சொல்லமாட்டேன். சாமிக்கு அவள் நிஜமாகவே பயந்தாள். ஆனால் அந்தப் பயத்தின் செலவை என் தலையில் வைத்தாள்.

ஒவ்வொரு நாளும் போய்க் கையை நீட்டினேன். ஒவ்வொரு நாளும் மூடினாள். அப்பாவிடம் சொன்னேன், "அண்ணன்கிட்ட பேசுறேன்" என்றார், பேசவில்லை. ஐந்தாம் நாள் என் தம்பி மாட்டுக்கொட்டத்துக்கு வந்து, வாய்க்குள் அடக்கி வைத்திருந்த மாத்திரையைத் துப்பி நீட்டினான். பாதி கரைந்திருந்தது. "அக்கா, இந்தா" என்றான்.

"நீயே முழுங்குடா. எச்சி மாத்திர எனக்கு வேணாம். என் மாத்திரதான் எனக்கு வேணும்" என்றேன். அவன் அழுதுகொண்டே விழுங்கினான்.

எட்டாம் நாள் மத்தியானம் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்ற வந்தாள். ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "டாக்டரு கடைசியா என்னமோ சொன்னாருன்னியே, என்னது அது?"

"அஞ்சுல ஒரு தலை பாக்கி இருந்தாலும் மத்த நாலுக்கும் திரும்ப வந்துரும்னாரு."

"ம்" என்றாள். "இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். "அப்படியா சொன்னாரு" என்றுவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரொம்ப வருஷம் கழித்து அம்மாவுக்குக் கண் மங்கிய காலத்தில் இதை ஞாபகப்படுத்தினேன். "நான் எதுவும் கேக்கலயே, எனக்கு நெனப்பே இல்ல" என்றாள். சத்தமாகத் தும்மாத என் அம்மா எனக்கு வழி சொல்லிக் கொடுத்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவளால் செய்ய முடிந்தது அது. அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. கஞ்சி குடித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் எழுந்தேன்.

ஆண் பிள்ளைகள் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாலு துண்டும் கொடியில் கிடந்தன. வீட்டுக்குள் போய் நாலு தலைகாணியையும் எடுத்தேன். எல்லாவற்றையும் முற்றத்து நடுவில் குவித்து, அதன் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். மூத்தவன் துண்டை எடுத்து என் தலையில் அழுத்தித் துடைத்தேன். புண் உடைந்தது, பரவாயில்லை. நடுவிலவன் துண்டு. கடைக்குட்டி துண்டு. தம்பியுடையதை மட்டும் மெதுவாகத் துடைத்தேன். பிறகு தலைகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் வைத்துத் தேய்த்தேன்.

பெரியம்மா முறத்தோடு வெளியே வந்து அப்படியே நின்றாள். "அடியே, என்னடி பண்றே?"

"ஒட்ட வைக்கிறேன்."

"என்னது?"

"ஒட்ட வைக்கிறேன். அஞ்சுல ஒரு தலை பாக்கி இருந்தா நாலுக்கும் திரும்ப வருமாம்ல. நான்தானே பாக்கி. எனக்கு மாத்திர குடுக்கிற வரைக்கும் தெனமும் ஒட்ட வைப்பேன். துண்ட ஒளிச்சு வச்சா, ராத்திரி வந்து அவனுக தலையோட தலைய வச்சுப் படுத்துக்கிருவேன். நீங்க எம்புட்டு மாத்திர குடுத்தாலும் அவனுகளுக்கு ஆறாது."

முறம் கீழே விழுந்தது. அவள் கத்திய கத்தில் பெரியப்பா சாட்டைக் கம்போடு வந்தார். எழுந்து நின்றேன். அப்போது கடைக்குட்டி கிணற்றிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தான், எட்டிப் பிடித்து அவன் தலையை என் தலையோடு அணைத்துக்கொண்டேன். அவன் வீறிட்டான்.

"விடுடீ அவன! விடு!" என்றார் பெரியப்பா.

"வாங்க. வந்து பிரிச்சுக்கங்க."

பெரியப்பா ஓர் அடி வைத்தார். என் தலையிலிருந்து சீழும் ரத்தமும் காதோரம் வழிந்துகொண்டிருந்தன. அவர் கை மேலே இருந்தது, கீழே வரவில்லை. என்னைத் தொடப் பயந்தார். அந்த வளவில் யாரும் எதிர்த்து நிற்காத மனுஷன், பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து மூன்று முழம் தள்ளி நின்றார். அப்பா மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் அடிக்க வரவில்லை.

"குடுத்துத் தொலடீ அந்த எழவ" என்றார் பெரியப்பா.

பெரியம்மா உள்ளே போனாள். ஒரு வாழையிலைத் துணுக்கில் மாத்திரையை வைத்துத் தரையில் தள்ளிவிட்டாள். நான் கடைக்குட்டியை விடவில்லை.

"பாலு?"

"பாலு வேறயா ஒனக்கு!"

"பாலோடதான் குடுக்கணும்னாரு. ஆடையோட."

அம்மா அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளாகவே வந்தாள். ஆடை டம்ளர் விளிம்பு வரைக்கும் இருந்தது. அவனை விட்டுவிட்டு மாத்திரையை எடுத்து முழுங்கினேன். கசந்தது.

நான் செய்தது தப்பா என்று கேட்பீர்கள். தப்புத்தான். அந்தப் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? இருந்தாலும் அன்றைக்கு எனக்கு மருந்து கிடைத்தது இரக்கத்தால் இல்லை, பயத்தால். கிடைக்கவேண்டியது அப்படித்தான் கிடைக்கும் என்றால், நாளைக்கே அந்த முற்றம் திரும்பி வந்தாலும் நாலு தலைகாணியையும் எடுப்பேன். துண்டுகளைச் சாயங்காலமே அம்மா பெரிய பானையில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்தாள். அன்றைக்கு வெந்நீருக்கு யாரும் தடை சொல்லவில்லை. யாருக்கும் திரும்ப வரவுமில்லை. ஐந்து தலையும் ஆறின. என் உச்சிக்குப் பின்னால் மட்டும் கட்டி இருந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை, இன்றைக்கும் இல்லை.

நான் எட்டு நாள் பிந்தித் தொடங்கியதால், பள்ளிக்கூடம் திறந்த அன்றும் எனக்கு ஒரு வாரத்து மாத்திரை பாக்கி இருந்தது. அப்பா முந்தின நாளே என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் பார்த்துவிட்டு, இனி யாருக்கும் ஒட்டாது, சேர்த்துக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் அந்தச் சீட்டோடு பள்ளிக்கூட வாசலில் நின்றோம். எனக்கு முடி ஒரு நகத்து உயரம் வளர்ந்திருந்தது, நடுவில் வட்டம் பளபளவென்று தெரிந்தது. துண்டு கட்டிக்கொள் என்று அப்பா சொன்னார், நான் கட்டவில்லை.

தலைமை ஆசிரியை என் தலையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். சீட்டை வாங்கவே இல்லை. "முடி நல்லா வளரட்டுங்க. மத்த பிள்ளைங்க வீட்ல ஏதாவது சொல்லுவாங்க. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்பா கையைக் கூப்பினார். "சரிங்கம்மா" என்றார். திரும்பி இரண்டு எட்டு நடந்தும்விட்டார். அவருக்கு அது பழக்கம். எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்று அவருக்கும் தெரியும்.

நான் நகரவில்லை. "டீச்சர், டாக்டர் எழுதியிருக்காரு. வாசிங்க."

வாசித்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார்.

"ஒட்டாதுன்னு போட்டிருக்கு டீச்சர். தொட்டுப் பாருங்க."

அவர் தயங்கினார். நான் தலையைக் குனியவில்லை, அப்படியே நின்றேன். கடைசியில் இரண்டு விரலை நீட்டி, அந்த மொட்டை வட்டத்தின் மேல் வைத்தார். எடுக்கவில்லை. பிறகு முழுக் கையையும் வைத்தார். பங்குனியில் நாவிதர் தொட்டதற்கு அப்புறம் என் தலைமேல் முழுசாகப் படிந்த கை அதுதான்.

"ஆறாவது, பி பிரிவு. போ" என்றார்.

அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் போனேன். மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என் தலையைப் பார்த்து ஒதுங்கினாள், அந்த இடத்தையும் சேர்த்து நன்றாக விரிந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.